ஒரு சிறகு குட்டையான குயில்

நம் அடுக்ககத்து மொட்டைமாடிக் கூட்டத்தில் போன மாதம் ஒரு முடிவு எடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் கையில் வைத்திருந்து தொலைத்த ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும் என்று. இரண்டாம் மாடிக்காரர் பம்பரத்தைப் பற்றி எழுதினார். தலைமையாசிரியை அம்மா சோழியைப் பற்றிப் படித்தபோது எல்லோரும் கைதட்டினோம். இப்போது என் முறை. நான் ஒரு பக்கத்தில் அடங்க மாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த பிறகு தயவுசெய்து கைதட்டவும் வேண்டாம்.

என்னுடையது ஒரு குயில். தகரத்திலும் எவர்சில்வரிலும் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். அதைச் செய்தவள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அம்மாவின் மகள். எனக்கும் அவளுக்கும் அப்போது பதினொரு வயது. அந்தக் குயில் என்னிடம் முழுதாக ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதற்குள் நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்கும் சாந்தோமுக்கும் நடுவில் எங்கள் தெரு. ஒரே வாசல், உள்ளே ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. மாடவீதிப் பக்கத்தில் 'ஆத்துல' என்று பேசுகிற வீடுகள். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறு அடுப்பிலும் மீன் குழம்பு கொதிக்கும். காலை எட்டு மணிக்கெல்லாம் மீன்காரம்மா வந்துவிடுவார். தலையில் கூடை, இடுப்பில் சுருக்குப்பை, பின்னால் தராசைத் தூக்கிக்கொண்டு மகள். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்து தருவார். மகள் செதில்களைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள்.

அவர்களுக்குத் தாகம் எடுத்தால் குடிக்க ஒரு அலுமினிய டம்ளர் வாசல் மாடத்தில் தனியாக இருந்தது. எங்கள் அம்மா அதில் படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அப்போது எனக்கு இது ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு ஞாயிறு அவள் தன் சீட்டிப் பாவாடையின் மடிப்பிலிருந்து எதையோ எடுத்துத் தரையில் வைத்தாள். ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. குடைக்கம்பி ஒன்று கால், பால்பவுடர் டப்பாத் தகரம் உடம்பு, கழுத்துக்கு மடித்த கம்பி. ஊதினால் ஆடியது, விழவில்லை.

"யார் செஞ்சது?" என்றேன்.

"உங்க தாத்தா," என்றாள். "மூஞ்சப் பாரு. நான்தான்டா செஞ்சேன்."

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைப் பின்னால் சொன்னாள். குப்பத்தில் மணலில் கருவாடு காயப்போடுவார்கள். காக்கை வராமல் இருக்கச் செத்த காக்கை ஒன்றைக் கழியில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். செத்த காக்கைக்கு எங்கே போவது என்று இவள் தகரத்தை வெட்டி, படகுக்குப் பூசும் தாரைப் பூசி, ஒரு காக்கையைத் தொங்கவிட்டிருக்கிறாள். இரண்டு நாள் ஒரு காக்கையும் கிட்டே வரவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு காக்கை வந்து நேராக அந்தத் தகரக் காக்கையின் தலைமேலேயே உட்கார்ந்துவிட்டதாம். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு கையிலிருந்து விழுந்தது.

அதற்கப்புறம் குருவி, மைனா, கடல்மேல் பறக்கும் ஆலா என்று செய்துகொண்டே இருந்தாள். பற்றவைக்கிற வசதியெல்லாம் கிடையாது. ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து முறுக்குவாள், இல்லையென்றால் ஓரத்தை மடித்துக் கல்லால் தட்டுவாள். எப்போதும் காலைத்தான் முதலில் செய்வாள். வெறும் காலை மட்டும் தரையில் நிறுத்திவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். "நிக்காட்டி அது பறவ இல்லடா, குப்ப" என்பாள். நான் சோடா மூடி, சைக்கிள் போக்ஸ் கம்பி, உடைந்த பூட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி அவளுக்காகச் சேர்த்தேன்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு காயலாங்கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். மலை மாதிரி இரும்பைக் குவித்துவைத்து நடுவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை அவளிடம் கொடுப்பார். குவியலில் காந்தம் ஒட்டாததையெல்லாம் அவள் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். அதற்குக் கூலியாக இரண்டு கை கொள்கிற அளவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மூக்கு உடைந்த தகரக் கத்திரி ஒன்றையும் அவரே கொடுத்திருந்தார்.

"அரே பேட்டா, நீயும் வந்துட்டியா? உங்க வூட்ல தெரியுமா?" என்று என்னைப் பார்த்தால் கேட்பார். தெரியும் என்று தலையாட்டுவேன். வீட்டில் தெரியவே தெரியாது. துருப்பிடித்த ஆணி குத்தினால் உயிரே போய்விடும் என்று அப்பா அந்தச் சந்துப் பக்கமே போகக்கூடாதென்று சொல்லியிருந்தார். போனது தெரிந்தால் பெல்ட் பேசும்.

இனி அந்த டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடை வாசலிலேயே ஒருவர் சின்னச் சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்து டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார், உங்களுக்குத் தெரியாததா? விசேஷத்துக்கு இரவல் போகிற பாத்திரமெல்லாம் அந்த எழுத்தைப் பார்த்துத்தானே வீடு திரும்பும். எங்கள் அம்மாவுடைய பாத்திரங்களில் பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கும்: 'கோ'. பிறந்த வீட்டிலிருந்து வந்த டம்ளர்கள் ஆறு. காப்பி ஆற்றும்போதும் துலக்கும்போதும் அம்மாவின் விரல் அந்த 'கோ'வைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த ஆறில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தெப்பக்குளத்தில் மீன் குஞ்சு பிடித்தேன். பாசி படிந்த படியில் கால் வழுக்கியது. நான் படியைப் பிடித்துக்கொண்டேன், டம்ளர் போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் அது போன இடத்தில் நாலு குமிழி வந்தது.

இரண்டே நாளில் அம்மா கண்டுபிடித்துவிட்டார். ஐந்து வீட்டிலும் போய்க் கேட்டார். அடுப்படியில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் முற்றத்தில் இறக்கிவைத்துத் தேடினார். "எங்கம்மா போட்ட சீர்டா, ஒன்னு கொறஞ்சா மீதி அஞ்சையும் எப்படிடா பாக்கறது?" என்று என்னிடமே சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே தேடினேன். படுபாவி, கட்டிலுக்கு அடியில் குனிந்து வேறு பார்த்தேன்.

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. நான் சேர்த்துவைத்த சோடா மூடிகளைக் கொடுப்பதற்காக மீன்காரம்மாவின் மகளை முதல்முறையாக உள்ளே கூப்பிட்டேன். முற்றத்தைத் தாண்டி எங்கள் அடுப்படி வாசல்வரை வந்தாள். எங்கள் அம்மா பார்த்தார், தடுக்கவில்லை.

அம்மாவின் அழுகை எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்து மனசைக் குளிர வைத்துவிட்டு அப்புறம் மெதுவாகச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த முறை காயலாங்கடைக்குப் போனபோது அவள் காந்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் குவியலைக் கிளறினேன். நசுங்கிப்போன எவர்சில்வர்த் துண்டு ஒன்று கிடைத்தது, ஏதோ தூக்குச்சட்டியின் பக்கவாட்டு. அதில் புள்ளி எழுத்தில் 'கோ'.

"ஏய்! எங்கம்மா எழுத்து!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தவள். "கோ மட்டும் இல்லடா. பக்கத்துல இன்னொன்னு பாதியா கீது பாரு. 'வ' மாரி கீது. கோவிந்தனோ கோவாலனோ, எவனோ."

"பரவால்ல. இதுல எனக்கு ஒரு பறவை செஞ்சு குடு. எங்கம்மாவுக்கு."

"குயிலு செய்யலாம்," என்றாள் யோசித்துவிட்டு. "பொட்டக் குயிலுக்குத்தான் ஒடம்பெல்லாம் புள்ளி. எழுத்து சரியா வரும்."

நான் அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பாதி எழுத்தை வெட்டிவிட வேண்டும், அம்மாவின் 'கோ' மட்டும்தான் சிறகில் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "அத்த வெட்டினா ஒரு றெக்க குட்டையாப் பூடும்டா, நல்லாருக்காது" என்று இரண்டு தடவை சொன்னாள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். சரி போ என்று ஒத்துக்கொண்டாள்.

எவர்சில்வர் அந்த மூக்குடைந்த கத்திரிக்கு அடங்கவில்லை. ஒரு வாரம் வெட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தராசைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. தன் அம்மாவிடம் மீன் முள் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கிறாளாம். பாவாடை மடிப்பிலிருந்து குயிலை எடுத்து என் கையில் வைத்தாள். தகர உடம்பு, கண்ணுக்குச் சின்ன வாஷர் வளையம், கால் போக்ஸ் கம்பி. இடது சிறகு நீளம். வலது சிறகு குட்டை, அதில் 'கோ'. குட்டைச் சிறகுக்கு ஈடாக உடம்பைக் கொஞ்சம் சாய்த்துவிட்டிருந்தாள், அதனால் அது தலையைச் சாய்த்து எதையோ கேட்பது போல நின்றது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சாய்வு தெரிகிறது. அவ்வளவு அழகான பொருள் எதுவும் அதுவரை என் கைக்கு வந்ததில்லை.

எனக்கு நிலைகொள்ளவில்லை. வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஓடி அம்மாவின் கையில் வைத்தேன். "அம்மா, உனக்குத்தான்! உன் எழுத்து பாரு!"

அம்மா முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன், அதை மறுக்க முடியாது. அப்புறம் சிறகைத் திருப்பினார். விரல் பழக்கத்தில் 'கோ'வைத் தடவியது. தடவிக்கொண்டே முகம் மாறியது.

"யார் குடுத்தது இது?"

நான் வாசலைக் காட்டினேன்.

அம்மா விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். ஐந்து வீட்டுப் பெண்களும் பாத்திரத்தோடு மீனுக்கு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் அம்மா குயிலைத் தூக்கிக் காட்டினார். "உள்ள விட்டது என் தப்பு. டம்ளரை எடுத்ததும் இல்லாம, வெட்டிப் பொம்மை செஞ்சு என் பிள்ளைகிட்டயே குடுத்திருக்கா பாருங்க!"

மீன்காரம்மா அரிவாள்மனையிலிருந்து எழுந்தார். "யம்மா தாயி, இன்னா பேச்சு இது? நாங்க கடல நம்பிப் பொயிக்கிறவங்க. அடுத்தவங்க பொருளு மேல கை வைக்க மாட்டோம்."

"அப்ப இது என்ன? என் பேரு போட்டிருக்கு. இந்தா, நீயே படிச்சுப் பாரு."

மீன்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குயிலை வாங்கினார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். குயில் தலைகீழாக இருந்தது. எழுத்தும் தலைகீழாக இருந்தது. அவர் திருப்பவில்லை. அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. ஆறு வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சொல்வார்? படித்துவிட்டவர் போலத் தலையை ஆட்டினார். திரும்பி மகளை ஓங்கி ஒரு அறை விட்டார்.

"எம்மா! நான் எடுக்கலம்மா! பாய் கடையில கெடந்துச்சும்மா!" என்று அவள் கதறினாள். இன்னொரு அறை விழுந்தது. அப்புறம் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அவனக் கேளும்மா! அவனும்தான் கூட வந்தான். அவன்தான்மா இத்த எடுத்துக் குடுத்தான். கேளும்மா!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் அம்மா கேட்டார்: "நீ காயலாங்கடைக்குப் போனியாடா?"

"இல்லம்மா," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் அதற்கப்புறம் அழவில்லை. தராசை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மீன்காரம்மா கூடையின் அடியிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்தார். அன்றைக்கு அந்தக் கூடையில் இருந்ததிலேயே பெரியது. எங்கள் வாசல்படியில் வைத்தார். "டம்ளருக்கு ஈடாவாது தாயி. மனசுல வச்சிக்காத" என்றார். கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாரும் கைகொடுக்கவில்லை. மகளே தூக்கிவிட்டாள். மாடத்தில் இருந்த அலுமினிய டம்ளரை எங்கள் அம்மா அன்றே குப்பையில் போட்டார்.

நண்பர்களே, அந்த வஞ்சிரத்தை எங்கள் வீட்டில் குழம்பு வைத்தோம். நான் சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். குற்றம் செய்தவனுக்குத் தொண்டையில் சோறு இறங்காது என்று கதைகளில் எழுதுகிறார்களே, எனக்கு நன்றாகவே இறங்கியது. தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் பசி அதிகமாகவே எடுத்தது. ஐம்பது வருஷமாக என்னை அரிப்பது அந்தப் பொய்யைவிட இந்தப் பசிதான் என்று சில சமயம் தோன்றுகிறது.

குயிலை அம்மா பழைய பாத்திர மூட்டையில் போட்டுவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது அவருடைய டம்ளர் அல்லவா? பொங்கலுக்கு முன் வந்த பாத்திரக்காரர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வடிதட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவர்கள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அடுத்த தெருவிலும் விஷயம் பரவி, அங்கேயும் யாரும் வாங்கவில்லையாம். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அடையாறு வரை நடந்தே போய் விற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஒருநாள் சந்தின் முனையில் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பேட்டா, அந்தப் பொண்ணு வர்றதே இல்ல? காந்தம் சும்மா கெடக்குது." அவர் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் வந்திருப்பார். "ஊருக்குப் போயிட்டாங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

ஒரே ஒருமுறை குப்பத்துக்குப் போனேன். பள்ளிக்கூட நேரம். அவள் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி இறாலைப் பார்த்தாள். மணலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, கழியில் செத்த காக்கை தொங்கியது. நிஜக் காக்கை.

அதற்குப் பிறகு படிப்பு, பாங்க் வேலை, ஊர் ஊராக மாற்றல். ஓய்வுபெற்று, எண்பத்தெட்டு வயது அம்மாவோடு இந்தக் கோட்டூர்புரம் அடுக்ககத்துக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் கடற்கரையோரம் கட்டியிருக்கும் மீன் அங்காடிக்கு முதல்முறை போனபோது ஒரு கடைமுன் கால் நின்றுவிட்டது. பழைய மீன்காரம்மாவே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அதே நெற்றி, அதே குரல். கொஞ்சம் நிதானித்த பிறகுதான் மகள் என்று தெரிந்தது.

"இன்னா சார் வேணும்? சங்கரா கீது, நல்லா ஃப்ரெஷ்ஷு" என்றாள்.

சங்கரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவளிடம்தான் மீன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கிளம்புவேன், பையை நீட்டுவேன், திரும்பிவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாள், கடையில் வேறு ஆள் இல்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என்னைத் தெரியுதா?"

அவள் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொத நாளே தெரியும். உன் நட உங்கப்பா மாரியே கீது."

"அப்ப ஏன் ஒன்னும் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தெப்பக்குளம், பாசி, நாலு குமிழி, அம்மாவின் மனசைக் குளிர வைக்கப் போட்ட கணக்கு. பேசப் பேசப் பாரம் இறங்குகிறது என்றுகூட நினைத்தேன், எவ்வளவு பெரிய முட்டாள் நான்! கத்தி நின்றுவிட்டதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

"டம்ளர நீதான் தொலச்சியா?" என்றாள்.

"ஆமா."

"அது எனுக்குத் தெரியாதே." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்கம்மா எங்கியோ வச்சிட்டு மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். நீ, காயலாங்கடைக்குப் போனா அடி வியும்னு பயந்து பொய் சொல்லிட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சின்னப் புள்ள, பயந்துடுச்சி, வுடுன்னு எப்பவோ வுட்டுட்டேன். நீ எல்லாம் தெரிஞ்சிக்கினுதான் அங்க நின்னியா?"

மழைத்தண்ணீர் கூரை ஓரத்திலிருந்து மீன் கழுவும் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா அந்தக் கத்திரிய அன்னிக்கே கடல்ல வீசிடுச்சி. பள்ளிக்கோடத்த வுட்டு நிறுத்திடுச்சி. அதெல்லாம்கூட போவட்டும். கடைசியில ஆசுபத்திரியில கெடந்துச்சி. நான்தான் பாத்துக்கினேன், பீ மூத்திரம் எல்லாம் நான்தான் அள்ளுனேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, டம்ளரக் காணோம்னு சும்மா சொல்லிச்சி. அவ்ளோதான். எங்கம்மா தலைய மெதுவாத் திருப்பி என்னப் பாத்துச்சி." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒன்னும் சொல்லல. பாத்துச்சி. ரெண்டு நாள்ல பூட்டுச்சி."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"உங்கம்மா கீறாங்களா?"

"இருக்காங்க."

"அவங்க கைல சொல்லிட்டியா?"

"இல்ல."

"போய் அவங்க கைல சொல்லு. அவங்க இன்னா சொன்னாங்கன்னு எனுக்கு வந்து சொல்லு. அப்பால பேசு." மீனை ஆய்ந்து பையில் போட்டு நீட்டினாள். என்றைக்கும் போலச் சுத்தமாக ஆய்ந்திருந்தாள்.

சொல்வதற்கு எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஞாயிறுகளில் அங்காடிக்குப் போகாமலிருக்க மழை, முழங்கால் வலி என்று ஏதேதோ சாக்கு. கடைசியில் ஒரு மாலை அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார், நான் காலடியில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். இந்த வயதில் குழந்தை மாதிரி அழுதேன். அம்மா என் தலையில் கையை வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த மீன்காரிடா?" என்றார்.

மறுபடி சொன்னேன். குயிலைச் சொன்னேன், 'கோ'வைச் சொன்னேன், வாசல்படியில் வைத்துவிட்டுப் போன வஞ்சிரத்தைச் சொன்னேன்.

"நம்ம தெருவுக்கு எத்தனையோ பேர் வந்தாங்க. டம்ளர் தொலைஞ்சுதா? இருக்கும். எத்தனையோ தொலைஞ்சிருக்கு. இதுக்குப் போயா அழறே?"

அம்மாவுக்கு மறதி நோய் எல்லாம் இல்லை. அந்த ஆறு குடித்தனத்தில் யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வீட்டு அடுப்பு புகையும், அடிபம்பில் யாரோடு எதற்குச் சண்டை, எல்லாம் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். இது மட்டும் இல்லை. இதை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவே இல்லை.

மொட்டைமாடியில் நான் இதைப் படிக்கும்போது தலைமையாசிரியை அம்மா இந்த இடத்தில் என்னை நிறுத்தி, "சரி, அவளிடம் போய்ச் சொன்னீர்களா?" என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான். எங்கள் அம்மா என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள அவள் அங்கே காத்திருக்கிறாள். நான் என்னவென்று சொல்வேன்? உன் அம்மா சாகும்வரை மறக்காததை என் அம்மா மறந்தே போய்விட்டார் என்றா?

அம்மாவிடம் சொல்லி மூன்று ஞாயிறு ஆயிற்று, இன்னும் நான் அந்த அங்காடிப் பக்கம் போகவில்லை. மீன் வேறு கடையில் வாங்குகிறேன்.